டீக்கடையில் பால் கேட்டவர்கள்

1

அம்பத்தூருக்கு நான் முதன்முதலாக வந்து இறங்கியபோது என் பெட்டியில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும், அட்டைக்கடிக்குத் தடவும் மருந்து ஒரு புட்டியும் இருந்தன. மலேசியாவில், தைப்பிங் கடைத்தெருவில் நானே தேடி வாங்கி, நானே செய்தித்தாளில் சுற்றி, நானே சுமந்து வந்தவை. யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. ‘முதலில் அம்பத்தூர் எஸ்டேட் பகுதியில் ஊழியம் செய்வீர்கள்’ என்று சபையிலிருந்து கடிதம் வந்திருந்தது. எஸ்டேட் என்றால் எனக்குத் தெரியாதா? தாத்தாவும் அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பரம்பரை. அப்பா மட்டும், “உங்க தாத்தா எந்த ஊர விட்டு ஓடி வந்தாரோ அந்த ஊருக்கே போறியே, அங்க இருக்கறவங்களுக்கு நீ என்ன சொல்லப் போற?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பூட்ஸ் இருந்தது.

எஸ்டேட்டில் லேத் பட்டறைகள் இருந்தன, பிரஸ் ஷாப்புகள் இருந்தன, ஷிப்ட் முடிந்தால் ஊதும் சங்கு இருந்தது. மரம் என்று பார்த்தால் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதில் அட்டை இல்லை, கண் டாக்டர் விளம்பரம்தான் ஆணியடித்திருந்தது.

என் பெட்டியைத் திறந்து பார்த்தவன் மூப்பர் டென்னி. அமெரிக்காவில் எங்கோ மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவன், செம்பட்டை முடி, ஆறடிக்கு மேல் உயரம், வயது இருபது. எனக்கும் அதே வயதுதான். எங்கள் மார்மன் சபையில் ஊழியத்துக்குப் போகிற பையன்களுக்கெல்லாம் மூப்பர் என்று பட்டம் உண்டு. சட்டைப்பையில் பெயர் அட்டையும் உண்டு. டென்னி பூட்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

“இன்னாபா இது, மீன் புடிக்க வந்துகீறியா?”

ஒரு வருடமாக பஸ் கண்டக்டர்களிடமும் பட்டறைத் தொழிலாளிகளிடமும் தமிழ் கற்றவன் அவன். நான் வானொலியிலும் வீட்டிலும் கற்றவன். முதல் வாரம் மளிகைக்கடையில், “ஐயா, பாசாருக்கு எந்தப் பக்கம் போகணும்?” என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. டென்னியைப் பார்த்து, “இன்னா சொல்றாரு உங்காளு?” என்றார்.

“மார்க்கெட்டு எங்க கீதுன்னு கேக்குறாருண்ணா. மலேசியா. புதுசு, கொஞ்சம் பொறுத்துக்கினு போங்க.”

தமிழ்நாட்டில் ஒரு தமிழனுக்கு அமெரிக்கன் மொழிபெயர்த்த காட்சியை நேரில் கண்டவர்கள் அம்பத்தூர் ஓ.டி.யில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பார்த்தால் சிரிக்கிறார்கள்.

2

முப்பது ஆண்டுக் கதை இது. தைப்பிங்கில் நான் வளர்ந்ததைவிட இங்கே வாழ்ந்தது அதிகமாகிவிட்டது. ஊழியம் முடிந்து ஊர் திரும்பியவன், கல்யாணம் செய்துகொள்வதற்காக மறுபடி வந்தேன், வந்தவன் தங்கிவிட்டேன். முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வாத்தியார் வேலை. மேனாம்பேட்டில் சொந்த வீடு. அதைத் தெருவில் ‘சிங்கப்பூர்க்காரர் ஊடு’ என்கிறார்கள். மலேசியா என்று திருத்துவதைப் பல காலம் முன்பே விட்டுவிட்டேன். திருத்தினால், “ரெண்டும் பக்கம் பக்கம்தானே சார்” என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

போன வாரம் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். என் மனைவி, மகள், வீடு, வேலை, வயிற்றுக்கோளாறு எல்லாம் இந்த ஊரைச் சேர்ந்தவை. பாஸ்போர்ட் மட்டும் மலேசியாவைச் சேர்ந்தது. ஆகவே நான் இங்கே இருப்பதற்கான காரணத்தை அவ்வப்போது அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கணினியில் விண்ணப்பிக்கிற வேலை என் மகள் நித்யாவுடையது. கல்லூரியில் படிக்கிறாள். அவளும் கூட வந்திருந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் புதியவர், நல்ல மனிதர். பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

“பேரு முனுசாமி. அப்பா பேரு வீராசாமி. ஊரு மலேசியா. சார், இங்கேந்து அங்க போறதுக்கு ஜனங்க வரிசையில நிக்குது. நீங்க இன்னா சார் ரிவர்ஸ்ல வந்துகீறீங்க?”

“கல்யாணம் சார்.”

“அதுக்கு முன்னாடி?”

“மதப் பணி சார். மிஷனரி.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மிஷனரி என்றால் அவர் மனதில் இருந்த நிறமும் என் நிறமும் ஒத்துப்போகவில்லை. அதற்குள் பையன் டீ கொண்டு வந்தான். எனக்கும் ஒன்றை வைக்கச் சொன்னார்.

“நான் டீ குடிக்கறதில்ல சார்.”

“சுகரா? சக்கர இல்லாம சொல்லட்டா?”

“இல்ல சார். எங்க சபையில டீ, காப்பி குடிக்க மாட்டோம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் விசா அந்தக் கணத்தில் மேசையின் விளிம்பில் நின்றது. வீட்டுக்கு வந்தவன் காப்பியை மறுத்தால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அலுவலகத்திலும் அதுவே. நித்யா நிதானமாகக் கையை நீட்டி என் கிளாஸை எடுத்தாள். “அப்பாவுக்குத்தான் சார் ஆகாது” என்று சொல்லிக் குடிக்கத் தொடங்கினாள். நாங்கள் வளர்த்த பெண். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்கு வந்தவள். இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம். அவள் கிளாஸைப் பிடித்திருந்த லாவகத்தைப் பார்த்தால் அது முதல் டீ அல்ல.

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் எனக்கு டீக்கடை ஆறுமுகத்தின் ஞாபகம்.

3

அந்தக் காலத்தில் எங்கள் நாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். ஜெபம், படிப்பு, குளியல், வெள்ளைச் சட்டை, டை. அம்பத்தூர் வெயிலில் டை கட்டிக்கொண்டு நடந்தவர்கள் நாங்களும் மருந்துக் கம்பெனி விற்பனையாளர்களும்தான். அவர்களாவது கடன் வாங்கி ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தார்கள். சினிமா கிடையாது. பெண்களோடு பழக்கம் கிடையாது. வீட்டுக்குக் கடிதம் எழுதலாம், அம்மாவோடு தொலைபேசியில் பேசுவது வருடத்துக்கு இரண்டு முறைதான். வீடு வீடாகக் கதவைத் தட்டுவதில்லை, யாராவது கூப்பிட்டால் போவோம். எப்போதும் இருவர் இருவராகத்தான் போக வேண்டும். ஒருவன் மற்றவன் கண்ணில் படாமல் இருக்கக் கூடாது. அது இல்லறத்துக்கு நல்ல முன்பயிற்சி என்பது பிற்பாடு தெரிந்தது.

ஆறேழு மாதத்தில் என்னை வட்டத் தலைவன் ஆக்கினார்கள். வேறு ஆள் மிஞ்சவில்லை என்பதே காரணம் என்று இன்றும் நம்புகிறேன். ‘வட்டம்’ என்றதும் தெருக்காரர்கள் என்னை ஏதோ கட்சியின் வட்டச் செயலாளர் என்று நினைத்து, தண்ணீர் லாரி சரியாக வருவதில்லை என்று முறையிட்டார்கள். என் ஆட்சிக்கு உட்பட்டவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். இந்தக் கதைக்கு டென்னி போதும். மற்ற இருவரும் நல்ல பிள்ளைகள், அதனால் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தலைவனின் கடமைகள்: அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது, மின்விசிறிக்கு அடியில் படுக்கும் உரிமை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வது, வாரக் கூட்டம் நடத்துவது, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெங்களூருக்குப் போன் போட்டு மிஷன் தலைவரிடம் அறிக்கை கொடுப்பது. டென்னிக்கு ஒருநாள் தங்கையின் கல்யாணப் படங்கள் தபாலில் வந்தன. அவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தான். வெளியே வந்தவனிடம், தண்ணி இல்லாத ஊரில் இப்படியா குழாயைத் திறந்து விடுவது என்று திட்டினேன். பிறகு அவன் தட்டில் ஒரு தோசை கூடுதலாக வைத்தேன். தலைமைப் பண்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்னொரு கடமையும் உண்டு. ஞானஸ்நானம் கேட்பவரைத் தனியே உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, தகுதி உண்டா என்று முடிவு சொல்ல வேண்டும். பாடம் சொன்னவனே தேர்வு வைக்கக் கூடாது. டென்னி பாடம் சொன்னால் நான் தேர்வு வைப்பேன்.

எஸ்டேட் வாசலில் ஒரு தகரக் கொட்டகையில் ஆறுமுகம் டீக்கடை வைத்திருந்தார். நாற்பது வயது, பனைமரம் போல நெடிய ஆள். அவர் டீ ஆற்றினால் கையிலிருந்து கைக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கயிறு தொங்குவது போலிருக்கும். மனைவி கன்னியம்மா பக்கத்தில் வடை சுடுவார். தினமும் காலையில் நாங்கள் அங்கே நின்று சூடாகப் பால் வாங்கிக் குடிப்போம். டீக்கடையில் பால் கேட்பவர்கள் மூன்றே வகை. கைக்குழந்தைக்காரர்கள், வயிற்றுப்புண்காரர்கள், நாங்கள்.

“இன்னா மூப்பரு,” என்பார் கன்னியம்மா என்னிடம், “மீச இன்னும் சரியா மொளைக்கல. இதுக்குள்ள மூப்பரா? பால குடி, மொளைக்கும்.”

ஆறுமுகம் சிரிக்க மாட்டார். எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் டென்னியிடம் கேட்டார்: “வாத்தியாரே, இந்த வயசுல டீ இல்ல, பீடி இல்ல, தண்ணி இல்ல. எப்டி முடியுது?” அவருக்கு மாலையானால் ஒயின் ஷாப் போக வேண்டும். அன்றைய வருமானம் அங்கே போகும், பிறகு கன்னியம்மா மேல் கை போகும். டென்னி அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினான். இரண்டு மாதத்தில் ஆறுமுகம் குடியை விட்டார். எப்படி விட்டார் என்று என்னைக் கேட்டால் கடவுள் என்பேன். கன்னியம்மாவைக் கேட்டால், “அந்த வெள்ளக்காரப் புள்ள சாயங்காலம் ஆனா வந்து குந்திக்கும். அத வுட்டுட்டு இவரு எப்டிப் போவாரு?” என்பார்.

4

குடியை விட்டவருக்கு டென்னி அடுத்த பாடம் சொன்னான். புகையிலை கூடாது. டீ, காப்பியும் கூடாது.

மறுநாள் காலை பால் குடிக்கப் போனோம். கொட்டகை மூடியிருந்தது. அடுப்பும் பாய்லரும் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தன. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் லேத் பட்டறை மாரி முன்னால் வந்தார்.

“நைனா, நீங்க குடிக்கலன்னா போங்க. பால குடிங்க, மோர குடிங்க, யார் வேணான்னா? எங்க டீய ஏன்யா புடுங்கிகினு போறீங்க?”

“நாங்க கடைய மூடச் சொல்லலையே” என்றேன்.

“அப்ப யாரு சொன்னது? கார்ப்பரேசனா?”

ஆறுமுகத்தின் வீட்டுக்கு ஓடினோம். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“நான் குடிக்கக் கூடாதுன்னு சொல்றீங்க, சரி. எனக்கு ஆவாதத நாலு பேருக்கு ஊத்திக் குடுத்து துட்டு வாங்குனா அது இன்னா நாயம்? ஒயின் ஷாப்புக்காரனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?”

டென்னி என்னைப் பார்த்தான். நான் டென்னியைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து வயது நாற்பது. அவருடைய வயதும் அதுதான். ஆனால் எங்களுடையது இரண்டாகப் பிரிந்திருந்தது.

கன்னியம்மா உள்ளேயிருந்து வந்தார். சண்டை போடும் குரலில் பேசவில்லை. பேசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“குடிய நிறுத்துனீங்க. உங்க ரெண்டு பேரையும் கையெடுத்துக் கும்புட்டேன். டீய ஏன்பா நிறுத்துனீங்க? இப்ப அடுப்பு எரியல. நாலு நாளு மூடிக் கெடந்தா அந்த எடத்துல வேற ஒருத்தன் தள்ளுவண்டி போட்ருவான். அப்பால இவரு சும்மா குந்திகினு இருப்பாரு. சும்மா குந்திகினு இருந்தா எங்க போவாருன்னு எனக்குத் தெரியும்.”

அதுதான் விஷயம். கடை போனால் குடி திரும்பும். கடை இருந்தால் அவர் மனசாட்சி உறுத்தும். எங்கள் சபையில் டீ விற்கக் கூடாது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதைச் சொன்னோம்.

“விக்கலாம்னு எழுத்துல கீதா?” என்றார் ஆறுமுகம்.

அப்படியும் இல்லை.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மிஷன் தலைவரைக் கூப்பிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாரியும் இன்னும் சிலரும் தீர்ப்புக்காக நின்றார்கள். நான் நிலைமையைச் சொன்னேன். அவர் அன்பானவர், அமெரிக்காவில் வியாபாரம் செய்தவர். ஆனால் டீக்கடை வைத்ததில்லை.

“இது நல்ல கேள்வி. மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்றார்.

கதவைத் திறந்தேன். “இன்னா சொன்னாரு?” என்றார் மாரி.

“மேல கேட்டுச் சொல்றாராம்.”

“மேலன்னா?” என்று மாரி வானத்தைப் பார்த்தார். “அப்ப லேட்டாவும்.”

5

ஆறுமுகம் ஒரு சமரசத்துக்கு இறங்கி வந்தார். டீக்குப் பதில் சுக்குப் பாலும் ராகிக் கஞ்சியும் விற்பது. அம்பத்தூர் எஸ்டேட் வரலாற்றில் அது ஒரு சோகமான வாரம். இரும்பு அறுத்துவிட்டு வந்தவர்கள் ஒரு வாய் குடித்துப் பார்த்து, எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். “இன்னா அண்ணாத்தே, எனக்கு இன்னா பிரசவமா ஆயிருக்கு?” என்று கேட்டார் ஒருவர். சொன்னபடியே ஒரு தள்ளுவண்டி கொட்டகைக்கு எதிரே வந்து நின்றது. முதலில் சற்றுத் தள்ளி நின்றது, பிறகு நெருங்கி வந்தது.

பொறுக்க முடியாமல் கன்னியம்மாவே பாய்லரைப் பற்றவைத்தார். “அவரு ஊத்த வேணாம், நான் ஊத்தறேன், எனக்கு எந்தப் பாவம் வந்தாலும் பரவால்ல” என்றார். பழகியவர்கள் மரியாதைக்காக வாங்கிக் குடித்தார்கள். வடையில் கன்னியம்மாவை மிஞ்ச ஆளில்லை. டீ வேறு சங்கதி. மாரி ஒரு வாய் குடித்து, மீதியைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஊற்றினார்.

“அக்கா, கோச்சுக்காத. இதுக்கு சுக்குப் பாலு தேவல.”

மறுநாள் கன்னியம்மா கடையையே மூடிவிட்டார். அதன் பிறகு நடந்தவை எனக்குப் பெருமை தருபவை அல்ல. நானும் டென்னியும் மாலைதோறும் ஆறுமுகத்தின் வீட்டுக்குப் போய், டீ விற்கும்படி அவரைக் கெஞ்சினோம். ஊரில் யாரையும் டீ குடிக்க வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள், ஒரு மனிதனின் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டீயின் நன்மைகளை எடுத்துச் சொன்னோம். களைப்புப் போகும் என்றான் டென்னி. வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்திராதவன். உற்பத்தி பெருகும் என்றேன் நான். ஆறுமுகம் அமைதியாகக் கேட்டுவிட்டு, “நீங்க சொன்னா நம்பலாம். ஆனா குடிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்” என்றார்.

அவரை அசைத்தது எங்கள் பேச்சல்ல. ஒரு மாலை அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஷிப்ட் வுட்டுச்சு. மாரி நேரா ஒயின் ஷாப்புக்குள்ள பூந்துட்டான். இத்தினி வருசமா எங்கிட்ட ஒரு டீய குடிச்சிட்டு பஸ் ஏறி ஊட்டுக்குப் போனவன். ‘இன்னாடா இது’ன்னு கேட்டேன். ‘உன் கட மூடிக் கீது, நிக்க ஒரு எடம் வேணாமா அண்ணாத்தே’ன்றான்.” அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். “நான் இத ஊத்தலன்னா அவன் அத ஊத்திக்கிறான். எது பெரிய பாவம்னு நீங்க சொல்ல வேணாம். நான் நாளைக்குத் தொறக்கறேன்.”

தொறந்தார். தள்ளுவண்டி இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு வானகரம் பக்கம் போய்விட்டது.

6

மிஷன் தலைவரிடமிருந்து பதில் வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை, சபைக் கூட்டம் நடக்கும் வாடகை வீட்டின் முன்னறையில் ஆறுமுகத்துக்கு எதிரே நான் உட்கார்ந்தேன். அவர் எண்ணெய் வைத்துத் தலைவாரி, சலவைச் சட்டை போட்டிருந்தார். பரீட்சைக்கு வந்தவர் போல இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே கன்னியம்மா நின்றிருந்தார். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். போகவும் இல்லை.

கேள்விகள் ஒவ்வொன்றாகப் போயின. விசுவாசம் உண்டா, உண்டு. குடி, இல்லை. பீடி, இல்லை.

“டீ, காப்பி குடிக்கறீங்களா?”

“குடிக்கறதில்ல.”

நான் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அவர் விடவில்லை.

“ஆனா ஒண்ணு கீது, மூப்பரே. மொத டிக்காசன் எறக்குனதும் வாயில ஒரு மொடக்கு ஊத்திப் பதம் பாக்கறேன். பாத்துட்டுத் துப்பிடறேன். பாக்காம போட்டா கன்னிம்மா டீ மாறி ஆயிடும். இது குடிக்கறதுல சேருமா?”

என் காதில் மின்விசிறியின் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இருபது வயதுப் பையன் ஒருவன் தன்னைத் தள்ளிவிடக் கூடும் என்று தெரிந்தே சொல்கிறார். தள்ளிவிட்டால் அவர் எங்கே போவார் என்பது ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏற்றுக்கொண்டு அது தவறாக இருந்தால், சபையின் விதியை எச்சிலோடு சேர்த்துத் துப்பியவன் நான்.

“முழுங்கறீங்களா?”

“தொண்ட வரைக்கும் போவும். அதுக்குள்ள திருப்பிடுவேன்.”

“எப்பவாச்சும் தவறி உள்ள போயிருக்கா?”

அவர் நேர்மையாக யோசித்தார். “விக்கல் வந்தா போவும்.”

“விக்கல் அடிக்கடி வருமா?”

“இல்ல. உங்கள மாறி யாராச்சும் நெனச்சா வரும்.”

நான் அப்போது ஜெபம் செய்தேனா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். செய்தேன். வார்த்தைகள் ஞாபகமில்லை. எழுந்து நின்று, “துப்பறது குடிக்கறது ஆகாது” என்றேன். என் வாழ்நாளில் நான் வழங்கிய ஒரே மதத் தீர்ப்பு அதுதான். ஆறுமுகம் கைகளை முழங்காலிலிருந்து எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. கேட்டால் சளி என்பார்.

மிஷன் தலைவரின் பதில் ஞானஸ்நானம் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தது. ‘இதை அந்தப் பகுதியின் வட்டத் தலைவர் தம் விவேகப்படி முடிவு செய்யட்டும்’ என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்களாம். மேலே மேலே என்று போன கேள்வி சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

போன வாரம் பஸ்ஸில் இறங்கி மேனாம்பேட்டுத் தெருவில் நடக்கும்போதுதான் நித்யாவிடம் டீயைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவளுடைய அம்மா சரசு, கன்னியம்மாவின் தங்கை. ஊழியக் காலத்தில் பெண்களை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்ற விதியை நான் மீறவில்லை. பார்த்தது சரசுதான். ஆகவே ஆறுமுகம் என் மகளுக்குப் பெரியப்பா.

“பெரியப்பா மாதிரி பதம்தான்ப்பா பார்த்தேன்” என்றாள் நித்யா.

“அவர் துப்பிடுவார்.”

“கவர்மெண்ட் ஆபீஸ்ல எப்படிப்பா துப்பறது? அந்த சார் உங்க ஃபைலை வெச்சுக்கிட்டிருந்தார்.”

இதற்கு விவேகப்படி முடிவு சொல்ல இப்போது எந்த வட்டமும் என்னிடம் இல்லை. அவள் ஞாயிறு வருவாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. “தலைவலி இல்லியே, டீ பழகாதவங்களுக்குத் தலைவலி வரும்” என்றேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

7

ஞானஸ்நானம் அந்த வாடகை வீட்டின் பின்பக்கத்துச் சிமெண்ட் தொட்டியில் நடந்தது. லாரித் தண்ணீர். தெருவே குடத்தோடு அலைகிற காலத்தில் ஒரு மனிதரை முக்குவதற்கு இவ்வளவு தண்ணீரா என்று பக்கத்து வீட்டம்மா மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தார். சபையார் ஒரு பத்துப் பேர். மாரியும் வந்திருந்தார். அன்றைக்குக் கடை மூடிக் கிடப்பது தன்னால்தான் என்பது போல அடக்கமாக நின்றார். ஆறுமுகத்துக்கு வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. இருந்ததிலேயே பெரிய அளவு, ஆனாலும் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

டென்னி முதலில் தண்ணீரில் இறங்கினான். எங்கள் வழக்கத்தில் தலையில் தெளிப்பது போதாது, ஆள் முழுவதும் மூழ்க வேண்டும். ஒரு முடி வெளியே தெரிந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். அதைப் பார்க்க இரண்டு பக்கமும் இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். நான் கால் பக்கத்துச் சாட்சி.

டென்னி ஜெபத்தைச் சொல்லி, ஆறுமுகத்தைப் பின்னால் சாய்த்தான். தலை உள்ளே போனது. தொட்டி குட்டை, மனிதர் நெட்டை. வலது காலின் கட்டைவிரல் மட்டும் தண்ணீருக்கு மேலே எழுந்து, எல்லோரையும் பார்த்தது.

நான் பார்க்காதது போல இருந்திருக்கலாம். ஆனால் துப்பினதை ஒளிக்காமல் சொன்ன மனிதருக்கு விரலை ஒளித்துச் சாட்சி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“கால் தெரிஞ்சுது” என்றேன்.

இரண்டாம் முறை கால் உள்ளே போனது. சட்டை காற்று அடைத்து, வயிற்றுப் பக்கம் பலூன் போல உப்பி மேலே வந்தது. மறுபக்கத்துச் சாட்சி இல்லை என்று தலையை ஆட்டினான். ஆறுமுகம் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். முகத்தில் பயம் தெரிந்தது. தன்னை ஏற்றுக்கொள்ள மறுப்பது நாங்களல்ல, தண்ணீர்தான் என்று நினைத்துவிட்டார். “எனக்கு ஆவாது போலகீது, வாத்தியாரே” என்றார் மெதுவாக. டென்னியின் கண் கலங்கியது.

பின்கதவருகே இடுப்பில் கைவைத்து நின்ற கன்னியம்மா நாலடி உள்ளே வந்தார்.

“யோவ், சட்டைய இடுப்புல சொருகு. முட்டிய மடக்கு. நம்ம கடைக்குள்ள எப்டி படுப்ப, அப்டி. தம்பி, நீ அவரு தோள புடிக்காத, கழுத்தாண்ட புடி. ம், இப்ப.”

மூன்றாம் முறை ஆறுமுகம் முழுவதும் மறைந்தார். தண்ணீர் அவருக்கு மேல் மூடிக்கொண்டது. ஒரு நொடி தொட்டியில் வானம் மட்டும் தெரிந்தது. பிறகு அவர் எழுந்து, டென்னியை இறுகக் கட்டிக்கொண்டார். இருவரும் அழுதார்கள். சபையார் பாடினார்கள். ஊரில் அப்பா என்னிடம் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது போலிருந்தது.

அந்த உருக்கத்தில் நான் கன்னியம்மாவிடம் போனேன். “எப்படி இருந்துச்சுக்கா?” என்று கேட்டேன். அவர் தலை துவட்ட வைத்திருந்த துண்டை உதறினார்.

“எங்க கடையில ஒரே தூள மூணு தபா முக்குனா, குடிக்க வர்றவன் கிளாஸ மூஞ்சில வீசுவான். உங்க சாமி வாங்கிக்கினாருன்னா நல்லவருதான். சட்டுபுட்டுனு பாட்ட முடிங்க மூப்பரே, ரெண்டாவது ஷிப்ட்டு சங்கு ஊதற நேரம், பாய்லரு பத்த வெக்கணும்.”